சிம் ரேசிங் பழக வருபவர்களுக்குச் சேலத்திலிருந்து சில குறிப்புகள்

அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்தை அடைந்தால், அங்கிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். மலையிறங்கும் பேருந்தில் முன் இருக்கை கிடைத்தால் சன்னலை விட்டுவிட்டு ஓட்டுநரின் கால்களைப் பாருங்கள். வளைவு வருவதற்கு முன்பே அவர் வேகத்தைக் குறைத்துக் கியரை இறக்கிவிடுவார். ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப, பிரேக்கின் மேலிருக்கும் அழுத்தத்தைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவார். கணினித் திரையில் கார்ப் பந்தயம் ஓட்டும் சிம் ரேசிங்கைக் கற்றுக்கொள்ள வருகிறவர் முதல் இரண்டு மாதங்களில் பழக வேண்டியதும் இதுதான். ஆனால் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வேகத்தைத் தேடுகிறார்கள், பணத்தையும் அங்கேயே கொட்டுகிறார்கள்.

கருவியிலிருந்து தொடங்குவோம். விசைப்பலகையில் இதைப் பழக முடியாது. கேம்பேடில் ஓரளவு முடியும். ஸ்டீயரிங் வாங்குவதானால் லாஜிடெக் ஜி29, ஜி923 போன்ற பற்சக்கர வகையே தொடக்கத்துக்குப் போதும். அவை 900 பாகை வரை திரும்பும். டயர் பிடி இழக்கும்போது கைக்கு அதைச் சொல்லும் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கும் உண்டு. மோட்டாரின் தண்டிலேயே சக்கரம் பொருத்தப்பட்ட டைரக்ட் டிரைவ் வகை இன்னும் நுணுக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கையில் கூடுதலாகப் பணம் இருந்தால் அதை பிரேக் பெடலுக்குச் செலவிடுங்கள் என்பதே என் கருத்து. சாதாரணப் பெடல் கால் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை அளக்கிறது. லோட் செல் பெடல் எவ்வளவு அழுத்தம் விழுந்தது என்பதை அளக்கிறது. நம் காலுக்கு தூரத்தைவிட அழுத்தம்தான் நன்றாக நினைவில் நிற்கும். உண்மையான காரிலும் பிரேக் அப்படித்தான் வேலை செய்கிறது.

வாங்கியதைப் பொருத்துவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நான் சொல்லர்த்தமாகவே சறுக்கினேன். சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை, நாற்காலி பின்னால் போய்ப் பீரோவில் இடித்து நின்றது. ஒரு மாதம் நாற்காலியின் ஐந்து சக்கரங்களையும் பழைய ரப்பர் செருப்புகளுக்குள் நுழைத்து வைத்து ஓட்டினேன். செலவில்லாத வழி, உண்மையிலேயே வேலை செய்யும். பிறகு பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையில் சதுர இரும்புக் குழாயில் ஒரு சட்டகம் செய்துகொண்டேன். பழைய கார் இருக்கையை அதன்மேல் திருகியபோது, “இதுக்கு டயர் எப்ப சார் மாட்டுவீங்க?” என்று பட்டறைக்காரர் கேட்டார். செய்யச் சொல்பவர்கள் ஒன்றை மட்டும் வலியுறுத்துங்கள்: பெடல் பலகை முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கும்படி இருக்க வேண்டும். பிரேக்கை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் சற்று மடிந்தே இருக்க வேண்டும்.

மென்பொருளில் தேர்வுகள் பல. 2014இல் வந்த அசெட்டோ கோர்சா விலை குறைவு, தனியாகப் பழக ஏற்றது. ரேஸ்ரூமை இலவசமாகவே தொடங்கலாம். சாலைக் கார்களைப் பந்தயத்துக்கென மாற்றியமைத்த ஜிடி3 வகைக் கார்கள்தாம் வேண்டும் என்றால் அசெட்டோ கோர்சா கோம்பெட்டிசியோனே இருக்கிறது; பிளேஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு கிரான் டூரிஸ்மோ 7. 2008 முதல் நடந்துவரும் ஐரேசிங், இணையப் போட்டிகளுக்கென்றே கட்டப்பட்டது. ஆனால் சந்தா, கார், தடம் எல்லாவற்றுக்கும் டாலரில் கட்ட வேண்டும் என்பதால் அதை ஆறு மாதம் கழித்து யோசியுங்கள். எதை எடுத்தாலும் ஒரே கார், ஒரே தடம் என்று ஒரு மாதம் இருங்கள். கார் மாஸ்டா எம்எக்ஸ்-5 போல எடையும் சக்தியும் குறைந்ததாக இருக்கட்டும். செய்த தவறைப் புரிந்துகொள்ள அது நேரம் தரும்.

ஓட்டுவதற்கு முன் பார்வைக் கோணத்தை, அதாவது திரையில் எவ்வளவு அகலத்துக்குக் காட்சி தெரிய வேண்டும் என்ற அமைப்பை, சரிசெய்யுங்கள். 27 அங்குலத் திரை ஏறக்குறைய 60 செ.மீ. அகலம், கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளி அது இருந்தால் சரியான கிடைக்கோணம் 53 பாகை அளவில்தான் வரும். சில விளையாட்டுகள் செங்குத்துக் கோணத்தைக் கேட்கும். அப்போது அதே திரைக்கு 31 பாகை. முதலில் குழாய்க்குள் பார்ப்பதுபோல் இருக்கும், ஆனால் தூரங்கள் பொய் சொல்லாது. பிரேக் எங்கே பிடிப்பது என்பது அதன் பிறகுதான் பிடிபடும்.

பயிற்சியில் ஒரு நிலையான அடையாளத்தை, பலகையோ தார் ஒட்டுப்போட்ட இடமோ, தேர்ந்துகொண்டு ஒவ்வொரு சுற்றிலும் அங்கேயே மிதியுங்கள். டயரிடம் இருக்கும் பிடி ஓர் அளவுக்குட்பட்டது. அதை நிற்பதற்கும் திரும்புவதற்கும் பங்கிட்டுத்தான் செலவழிக்க முடியும். முழு பிரேக்கோடு ஸ்டீயரிங்கையும் திருப்பினால் முன் டயர் திரும்ப மறுத்து நேராகவே வழுக்கும். ஆகவே திருப்பும் அளவு கூடக்கூட பிரேக் குறைய வேண்டும். பேருந்து ஓட்டுநர் செய்தது அதையேதான். இதற்கு நல்ல ஆசிரியர் கலிபோர்னியாவின் லகூனா செக்கா தடத்திலுள்ள கார்க்ஸ்க்ரூ என்ற இரட்டை வளைவு: மேட்டின் மறுபக்கம் தெரியாது, இடமும் வலமுமாகத் திரும்பியபடியே தடம் சுமார் 18 மீட்டர் கீழே விழும். தொடர்ந்து பத்துச் சுற்றுகள் அரை நொடி வித்தியாசத்துக்குள் அமையும்வரை மின்னல் வேகச் சுற்றைத் துரத்த வேண்டாம்.

இணையத்தில் இறங்கும்போது வைஃபையை விட்டுவிட்டு லேன் கம்பி போடுங்கள். மணிக்கு 180 கி.மீ. என்றால் நொடிக்கு 50 மீட்டர். தகவல் 100 மில்லி நொடி தாமதித்தால் கார் 5 மீட்டர் நகர்ந்திருக்கும், அது எம்எக்ஸ்-5இன் முழு நீளத்தைவிட அதிகம். சர்வரைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அருகிலுள்ளதையே எடுங்கள். யூபிஎஸ்சில் கணினியோடு மோடத்தையும் சேர்த்து மாட்டுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படும். கோடை மழையில் போகும் மின்சாரம் அப்படிச் சொல்லிவிட்டுப் போவதில்லை.

முதல் போட்டியில் கடைசியாகக் கிளம்புங்கள். ஐரேசிங்கில் தடத்தை விட்டு வெளியேறினால் 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, மற்றொரு காரோடு பலமாக மோதினால் 4 என்று தவறுப் புள்ளிகள் சேரும். யார் மேல் தவறு என்று அது விசாரிப்பதில்லை, மோதிய இருவருக்கும் விழும். மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. இங்கும் அப்படிச் சில மரபுகள் உள்ளன. நீலக்கொடி காட்டப்பட்டால் ஒரு சுற்று முன்னேறியவர் வருகிறார். உங்கள் கோட்டிலேயே ஒழுங்காகச் செல்லுங்கள், கடப்பது அவர் பொறுப்பு. சுழன்று நின்றுவிட்டால் பிரேக்கை அழுத்திப் பிடித்து அசையாமல் இருங்கள். எல்லோரும் கடந்த பிறகே தடத்துக்குத் திரும்புங்கள்.

முடிந்ததும் ரீப்ளேவில், மோதல் நடந்த இடத்தை எதிராளியின் இருக்கையிலிருந்து பாருங்கள். என் முதல் போட்டியில் ஒருவர் என்னை வேண்டுமென்றே இடித்தார் என்று இரவு முழுவதும் பொருமினேன். மறுநாள் அவர் பக்கமிருந்து பார்த்தபோது, பிரேக் பிடிக்க வேண்டிய பலகைக்கு இருபது மீட்டர் முன்பே நான் மிதித்திருந்தது தெரிந்தது.