சீட்டு மூலையில் 6 மில்லிமீட்டர்: அணிச் சின்னம் வரைவது எப்படி

சொந்தமாக ஒரு மாயாஜாலச் சீட்டு விளையாட்டு உருவாக்குகிறவர்கள் பெரும்பாலும் வீரன், பூதம், டிராகன் எல்லாம் வரைந்து முடித்த பிறகுதான், ஒவ்வொரு சீட்டும் எந்த அணியைச் சேர்ந்தது என்று காட்டும் சின்னத்துக்கு வருவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஆனால் ஆடுகிறவர் கையில் ஏழெட்டுச் சீட்டை விசிறியாகப் பிடிக்கும்போது அந்தப் படம் எதுவும் தெரியாது, இடது மேல் மூலை மட்டும்தான் தெரியும். வழக்கமான சீட்டு 63 மி.மீ. அகலம், 88 மி.மீ. உயரம். அதில் சின்னத்துக்குக் கிடைப்பது 6 மி.மீ., மிஞ்சிப்போனால் 7.

முதலில் பென்சிலை எடுக்காதீர்கள். ஒவ்வொரு அணியும் ஆட்டத்தில் என்ன செய்கிறது என்பதை ஒரே வினைச்சொல்லில் எழுதுங்கள். கன்னியாகுமரி மாவட்டத் தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான்கு அணி போட்டோம்: கடல், குளம், பனை, மலைக் கணவாய். கடலுக்கு மீன், குளத்துக்குத் தாமரை என்று சட்டென்று வரைந்தாகிவிட்டது, அழகாகவும் இருந்தது, ஆனால் ஆட வந்த பிள்ளைகள் மூன்றாவது ஆட்டத்திலும் "இந்த மீன் என்ன செய்யும்?" என்று கேட்டார்கள். மீன் யார் என்று சொல்கிறதே தவிர, என்ன செய்யும் என்று சொல்லவில்லை. அதோடு மீனைப் பார்த்தால் நம் ஆட்களுக்குப் பாண்டியன் ஞாபகம் வரும், புலி என்றால் சோழன், வில் என்றால் சேரன். சங்கைப் போட்டால் திருவிதாங்கூர் சமஸ்தானம், 1949 வரை இந்த மாவட்டமே அதற்குள்தானே இருந்தது. ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தமான சின்னத்தை உங்கள் கற்பனை உலகத்துக்குள் கொண்டுவந்தால் அது பழைய வீட்டு விலாசத்தையும் சேர்த்துத்தான் கொண்டுவரும்.

சரி, வினைச்சொல்லுக்கு வருவோம். எங்கள் பனை அணியை யார் அடித்தாலும் அடித்தவருக்கும் காயம் விழும், ஆகவே அதன் சொல் 'அறுக்கும்'. முழுப் பனைமரத்தை வரைந்தபோது 6 மி.மீ. அளவில் அது தென்னையா பனையா என்றே தெரியவில்லை. ஓலையை மட்டும் வரைந்தால் விசிறி. அப்புறம் தோட்டத்தில் காய்ந்து விழுந்து கிடந்த மட்டை ஒன்றை எடுத்துவந்து மேசையில் வைத்துப் பார்த்தோம். இரண்டு ஓரத்திலும் கறுப்பாக, ரம்பப் பல் மாதிரி கருக்கு ஓடுகிறது, தெரியாமல் கையை ஓட்டினால் கீறிவிடும். அணியின் குணம் முழுவதும் அதில்தான் இருந்தது. உண்மையான மட்டையில் பல் எண்ண முடியாத அளவுக்கு இருக்கும், சின்னத்தில் ஓரத்துக்கு மூன்று போதும், நான்காவதைச் சேர்த்ததும் அச்சில் எல்லாம் ஒன்றாகக் கலந்து தடித்த கோடாகிவிட்டது.

குளம் அணி சேர்த்துவைத்து ஒரே மூச்சில் திறந்துவிடும். அதற்கு நாஞ்சில் நாட்டுக் குளங்களில் பார்க்கிற பழைய கல்மடை பொருந்தியது: தண்ணீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண், நடுவே குறுக்குக் கல். வரைந்து பார்த்தால் அச்சு அசலாக ஆங்கில எச் எழுத்து, பார்த்தவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி போர்டு என்றார்கள். குறுக்குக் கல்லின் ஓட்டை வழியாக இறங்கும் அடைப்புக் கம்பையும், கீழே விரிந்து பாயும் தண்ணீரையும் சேர்த்த பிறகுதான் அது மடையானது. கடலுக்குச் சுருண்டு திரும்பும் ஒற்றை அலை, ஏனென்றால் அதன் சீட்டுகள் கைக்குத் திரும்பி வரும். கணவாய் அணி காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றடிக்கும் மாதங்களில் போய்ப் பாருங்கள், மரமெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்ந்த மரம்தான் சின்னம்.

இன்னொன்று, இதை நான் அழுத்தியே சொல்வேன். சிலுவை, வேல், பிறை போல வழிபாட்டில் இருக்கிற எதையும் அணிச் சின்னமாக்காதீர்கள். ஒரு சாதியின் தொழிலாக ஊர் பார்க்கிற கருவியும் வேண்டாம். கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து இருக்கிற ஊர் நம்முடையது. விளையாட்டில் ஓர் அணி தோற்கும்போது, அந்தச் சின்னத்தைத் தன்னுடையதாக நினைக்கிற ஒரு பிள்ளை மனம் சுருங்கக் கூடாது.

நான்கையும் கறுப்பு நிழலாக மட்டும் நிரப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெளிக்கோடு ஒன்றுக்கொன்று மாறுபட வேண்டும்: அலை உருண்டை, மடை அகலம், மட்டை நெட்டை, மரம் சாய்வு. நிறத்தை நம்பி இருக்காதீர்கள், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். சீட்டைத் தலைகீழாகவும் பிடித்துப் பாருங்கள், எதிரே இருப்பவருக்கு அப்படித்தான் தெரியும். கரண்ட் போன ராத்திரி எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் எங்கள் அலையும் சாய்ந்த மரமும் ஒன்றுபோலத் தெரிந்தன, மரத்துக்குக் கீழே ஒரு தரைக்கோடு போட்டதும் பிரிந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் வரைய இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் போதும், காசு வேண்டாம். நான்கு சின்னத்தையும் ஒரே அளவுச் சதுரத்துக்குள், ஒரே கோட்டுத் தடிமனில் வரையுங்கள். முடிந்ததும் கோடுகளை எல்லாம் வடிவங்களாக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் சின்னத்தைச் சுருக்கும்போது கோடு மட்டும் தடிமனாகவே நின்றுவிடலாம். 6 மி.மீ. அளவில் எந்த இடைவெளியும் 0.4 மி.மீ.க்குக் குறையாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மொத்தமாக அச்சுக்குக் கொடுக்கும் முன், சீட்டுக்கு வைத்திருக்கிற அதே அட்டையில் ஒரே ஒரு தாள் அடித்து, வெட்டி, கையில் விசிறியாகப் பிடித்துப் பாருங்கள். மடையின் கம்புக்கும் தூணுக்கும் நடுவே வெள்ளை தெரிகிறதா? மை பரவி அடைந்திருந்தால் கம்பை மெலிதாக்காதீர்கள், அது அச்சில் அறுந்துபோகும். தூண்களை இரண்டு பக்கமும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.