ஆமான் பெயர் வந்தால் கிலுக்குங்கள்: பூரிம் விழாவுக்கு முதல்முறை செல்பவர்களுக்கு

யூத நண்பர் பூரிம் விழாவுக்கு அழைத்தால் தயங்காமல் போய்விடுங்கள். யூத நாட்காட்டியின் ஆதார் மாதம் 14ஆம் நாள் (எருசலேமில் 15) ஜெப ஆலயமே ஆர்ப்பரித்துச் சிரிக்கும். பாரசீகப் பேரரசின் யூதர்களை அழிக்க அரசனின் அமைச்சன் ஆமான் சீட்டுப் போட்டு நாள் குறித்தான். யூதப் பெண்ணான அரசி எஸ்தர் அதை முறியடித்தாள். 'பூர்' என்றால் சீட்டு.

1. கிலுகிலுப்பை செய்யுங்கள். சிறிய டப்பாவில் ஒரு கைப்பிடி காய்ந்த கொண்டைக்கடலை போட்டு, மூடியை டேப்பால் இறுக ஒட்டினால் போதும். வேடமும் போட்டுக்கொள்ளுங்கள், காகிதக் கிரீடம்கூட நல்ல வேடம்தான்.

2. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கதையைச் சொல்லும் எஸ்தர் சுருளை மாலையில் ஒருமுறை, மறுநாள் காலையில் ஒருமுறை வாசிப்பார்கள். அதில் ஆமான் பெயர் 54 இடங்களில் வருகிறது. பெயர் விழுந்ததும் கிலுக்குங்கள், காலால் தரையை உதையுங்கள். வாசிப்பவர் மீண்டும் தொடங்குமுன் சட்டென்று அடங்கிவிடுங்கள். சுருளின் ஒவ்வொரு சொல்லையும் கேட்பது அவர்களுக்குக் கடமை. உங்கள் கிலுக்கலில் ஒரு சொல்லும் மூழ்கக் கூடாது. ஆமானின் பத்து மகன்களின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லும் இடத்தில் டப்பாவை மடியில் வைத்துவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அது.

3. பகலில் கொடுங்கள். நண்பர் ஒருவருக்கு இரண்டு வகைத் தின்பண்டம், ஏழைகள் இருவருக்கு உதவி. இதுவே குறைந்த அளவு. விருந்தைவிட ஏழைகளுக்கே அதிகம் செலவிடச் சொன்னார் இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸ். விருந்தாளிக்கு இது கட்டாயமில்லை. ஆனாலும் செய்து பாருங்கள். அன்றைய சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பது அப்போது புரியும்.

4. 'ஆமானின் காதுகள்' என்னும் முக்கோண பிஸ்கட் சுடுங்கள். கோஷர் என்னும் யூத உணவு முறை பின்பற்றும் வீடு என்றால் உங்கள் சமையலறையில் சுட்டதை அவர்களால் சாப்பிட முடியாது. முன்கூட்டியே கேட்டு, அவர்கள் அடுப்பிலேயே சேர்ந்து சுடுங்கள்.

மைதா 2 கப், சர்க்கரை அரை கப், வெண்ணெய் 100 கிராம், முட்டை 1. பிசைந்து ஒரு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, டம்ளர் விளிம்பால் வட்டமாக வெட்டி, நடுவில் ஒரு சிறு கரண்டி பேரீச்சம்பழ விழுது வையுங்கள். மூன்று பக்கமும் மடித்து முனைகளை அழுத்திக் கிள்ளுங்கள். விழுது கூடினால் காது பிரிந்துவிடும். ஆசைப்பட்டு அள்ளி வைக்காதீர்கள். 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம், ஓரம் பொன்னிறமாகும்வரை. ஆறிய பிறகு எடுங்கள், சூட்டில் உடையும்.