திருவெண்காட்டுத் திருமேனிகளைப் பார்க்கக் கிளம்புமுன்

எழும்பூர் அருங்காட்சியகத்தை இரண்டு மணி நேரத்தில் முழுசாகச் சுற்றி வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் திமிங்கல எலும்புக்கூட்டைத்தான் சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்காகப் போகிறவர்கள் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல் ஓர் ஊரைப் பிடித்துக்கொண்டு போவது நல்லது. அதற்குத் திருவெண்காட்டைவிடத் தோதான ஊர் இல்லை. சீர்காழிக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் மண்ணுக்கடியில் கிடைத்த திருமேனிகள் இப்போது பிரிந்து கிடக்கின்றன. அர்த்தநாரீசுவரர் சென்னையில் இருக்கிறார். ரிஷபவாகனர் (காளையோடு நிற்கும் சிவன்), கல்யாணசுந்தரர் (திருமணக்கோலச் சிவன்), பிட்சாடனர் (பிச்சை ஏற்கும் சிவன்) மூவரும் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில். சென்னைக்கு ஒரு நாள், தஞ்சைக்கு ஒரு நாள், திருவெண்காட்டுக்கு அரை நாள் ஒதுக்கினால் போதும்.

எழும்பூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் காலை 9.30க்குத் திறந்ததும் நேரே செப்புத் திருமேனிக் கூடத்துக்குப் போய்விடுங்கள். பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்து சேர்ந்துவிட்டால் ஒரு பெட்டி முன்னால் நின்று பார்க்க முடியாது. படம் எடுக்கத் தனிச் சீட்டு வேண்டுமா, செல்போனுக்கும் உண்டா என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் பை திரும்பும்போது எதன்மேல் இடிக்கிறது என்பது நமக்குத் தெரியாது.

அர்த்தநாரீசுவரரை முதலில் ஆறேழு அடி தள்ளி நின்று பாருங்கள். முகத்தையும் நகையையும் விட்டுவிட்டு உடம்பின் வெளிக்கோட்டை மட்டும் கண்ணால் ஒருமுறை சுற்றி வாருங்கள். திருமேனியின் வலப்பக்கம் தோளிலிருந்து தொடைவரை கோடு நேராக இறங்கும். இடப்பக்கம் மார்பில் எழும்பி, இடையில் ஒடுங்கி, இடுப்பில் மறுபடி விரியும். பிறகு கைகளை எண்ணுங்கள். மூன்றுதான் இருக்கும். சிவன் பாதிக்கு இரண்டு, அம்மை பாதிக்கு ஒன்று. அதற்கப்புறம் ஆடை: ஒரு காலில் தொடையோடு நின்றுவிடும், மறுகாலில் கீழே வரை இறங்கும். இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு வருகைக்கு இப்படி ஆறேழு திருமேனிகள்தான் கணக்கு. அதற்குமேல் கண் வாங்காது.

முன்பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். பெட்டியைச் சுற்றிப் போக வழியிருந்தால் பின்னாலும் பாருங்கள். தலைக்குப் பின்னே சிரச்சக்கரம் என்ற வட்டத் தகடும், தோளில் புரளும் சடையும், ஆடை முடிச்சும் முன்புறத்துக்குச் சளைக்காத வேலை. பீடத்தையும் கவனியுங்கள். பக்கங்களில் வளையமோ துளையோ இருந்தால், அது திருவுலாவின்போது தண்டு கோத்துத் தூக்குவதற்கு. பட்டும் மாலையும் சாத்தி வீதியில் வந்த காலத்தில் முகமும் கைகளும்தான் வெளியே தெரிந்திருக்கும். இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் பார்ப்பது, அலங்காரம் செய்தவர் மட்டும் அந்தக் காலத்தில் பார்த்தது.

விளக்க அட்டையில் பெயரையும் நூற்றாண்டையும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஊர்ப்பெயர்தான் முக்கியம், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆபத்துக் காலத்தில் புதைத்து வைத்த திருமேனிகள் வயலிலோ கோயில் நிலத்திலோ வெளிப்பட்டால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வழியாகத்தான் பல திருமேனிகள் எழும்பூருக்கு வந்தன. பக்கத்தில் ஒருவர் கைகூப்பி நின்றால் அவரைச் சட்டகத்துக்குள் இழுத்துப் படம் எடுக்காதீர்கள். கும்பிடுவது உங்கள் விருப்பம். ஆனால் பூவோ விபூதியோ வைக்க வேண்டாம்.

தொடக்கூடாது என்பது வெறும் மரியாதைக்காக இல்லை. விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, காற்றில் ஈரமும் இருந்தால், வெளிர்பச்சைப் பொடியாக அரிப்புத் தொடங்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் நிறுத்துவது பெரும்பாடு. சென்னையில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. உள்ளே வெற்றிடமா என்று தட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. தேவையில்லை: சோழர் திருமேனிகள் பெரும்பாலும் கனவார்ப்பு, உள்ளே முழுக்க உலோகம்.

படம் எடுப்பதானால் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தையே அழித்துவிடும். நேரெதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுங்கள், கண்ணாடியில் போனைச் சாய்க்காமல். ஒவ்வொரு திருமேனியையும் எடுத்த கையோடு அதன் அட்டையையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் எது எந்த ஊர் என்று தெரியாது.

தஞ்சைக் கலைக்கூடத்தில் நேராக ரிஷபவாகனரிடம் போங்கள். இவர் 1011இல் எழுந்தருளுவிக்கப்பட்டதைத் திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அடுத்த ஆண்டு தேவி. கால்களைக் குறுக்கே வைத்து, வலக்கையைக் காற்றில் ஊன்றி நிற்கிறார். அந்தக் கைக்குக் கீழே நின்ற காளை இப்போது இல்லை. கை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் தங்கியிருக்கிறது என்று பார்த்தால் காளையின் முதுகு எங்கே இருந்திருக்கும் என்பது பிடிபடும். பாம்புகளோடு தலைப்பாகை போலச் சுற்றிய சடையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், முன்னாலிருந்து பாதிதான் தெரியும்.

தஞ்சைக்குப் போய்ப் பெரிய கோயிலுக்குப் போகாமல் யாரும் திரும்பமாட்டார்கள். காலையில் சீக்கிரமோ மாலை நாலரைக்கு மேலோ போங்கள். நடுப்பகலில் தளம் வெறுங்காலைச் சுட்டுவிடும், சன்னிதியும் நடை சாத்தியிருக்கும். விமானத்தின் அடித்தளம் முழுக்கக் கல்வெட்டு. சாய்ந்து உட்காரத் தோதான உயரத்தில் இருப்பதால் எண்ணெய்த் தலை பட்டுப்பட்டு எழுத்து கறுத்துவிடுகிறது. எழுத்து தெளிவாகத் தெரியச் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்காதீர்கள். துகள் எழுத்துப் பள்ளத்தில் தங்கிவிடும். சாய்ந்து விழும் வெயிலில் எழுத்து தானாகத் தெரியும், நிழலில் இருந்தால் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். முக்காலி வைத்துப் படம் எடுக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். விமான நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டி சொன்னால் சண்டை போடாமல் மாலையில் அவரையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நன்றாகவே விழுகிறது.

திருவெண்காட்டில் நீங்கள் பார்வையாளர் மட்டும்தான், கோயில் வழிபடுகிறவர்களுடையது. புதன் தலம் என்பதால் புதன்கிழமை கூட்டம் நெரியும், அன்று வேண்டாம். கருவறைப் பக்கம் படம் எடுக்காதீர்கள், வரிசையை நிறுத்தி எதையும் விசாரிக்காதீர்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் சுவேதாரண்யேசுவரர் சன்னிதியைப் பார்த்துவிட்டு மூன்று குளங்களையும் சுற்றி வரலாம். பழைய திருமேனிகள் எங்கே என்று அங்கே யாராவது கேட்டால் நீங்கள் எடுத்த படங்களைக் காட்டுங்கள். சென்னைக்கும் தஞ்சைக்கும் போய்ப் பார்க்க எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

திரும்பும் வழியில் திருமேனி வாங்க நினைத்தால் சுவாமிமலைப் பட்டறைகளில் புதியதாக வாங்குங்கள், ரசீதோடு. 'பழசு சார், தோண்டும்போது கிடைத்தது' என்று யாராவது காட்டினால் அது போலி, இல்லையென்றால் திருட்டு. நூறு ஆண்டைத் தாண்டிய திருமேனி 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; பதிவு செய்ய வேண்டும், தனியார் அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. புதியதையே வெளிநாட்டுக்கு எடுத்துப் போவதானாலும், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் பயணத்துக்குப் போதிய நாள் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் விமான நிலையத்தில் ரசீதை மட்டும் காட்டினால் சுங்கத்தில் நிறுத்திவிடக்கூடும்.