டிக்கிக்கு ஒரு சாய்வுப் பெட்டி: சப்வூஃபர் பாக்ஸ் கட்டும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

சின்ன காரின் டிக்கியில் கடையில் வாங்கிய சதுரமான சப்வூஃபர் (தாழ்ந்த ஒலியான பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர்) பெட்டியை வைத்துப் பாருங்கள். மேல் விளிம்பு பின்சீட்டில் முட்டும். அடியில் முக்கோணமாக ஓர் இடம் சும்மா கிடக்கும். அதைப் பார்த்ததும்தான் பலருக்கு, சீட்டின் சாய்வுக்கே ஒரு பெட்டியை நாமே கட்டினால் என்ன என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் அப்போதே அட்டையை வெட்டி சாய்வை அளக்க உட்கார்ந்துவிடுகிறோம் பாருங்கள், தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது.

பெட்டி சாய்வாக இருந்தால் பேஸ் நன்றாக வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதி மோதித் திரும்பாது என்பது அதற்குச் சொல்லும் காரணம். குரலும் வயலினும் கேட்கிற சாதாரண ஸ்பீக்கருக்கு அதில் கொஞ்சம் பொருள் இருக்கிறது. சப்வூஃபருக்கு இல்லை. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை சுமார் 4.3 மீட்டர் நீளம். நாற்பது, எண்பது சென்டிமீட்டர் பெட்டிக்குள் அது எங்கே மோதித் திரும்புவது? சாய்வு, வளைவு, ஐங்கோணம் எல்லாம் இடத்துக்காகச் செய்வது. காதுக்குத் தெரிவது இரண்டுதான்: உள்ளே எத்தனை லிட்டர் காற்று இருக்கிறது, அது எங்காவது ஒழுகுகிறதா.

அதனால் முதலில் லிட்டரை முடிவு செய்யுங்கள். ஸ்பீக்கரோடு வரும் தாளில் கம்பெனியே ஒரு கொள்ளளவைச் சொல்லியிருக்கும். இல்லாவிட்டாலும் க்யூடிஎஸ் (ஸ்பீக்கரின் அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதன் அளவு), விஏஎஸ் (ஸ்பீக்கரின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) என்ற இரண்டு எண்கள் இருந்தால் போதும், மூடிய பெட்டிக்கு நாமே கணக்குப் போடலாம். பெட்டியில் மாட்டிய பிறகு அதே அடங்கும் அளவு, அதாவது மொத்த க்யூ, 0.707 வந்தால் ஒலி சமனாக இருக்கும் என்பார்கள். அந்த 0.707ஐ க்யூடிஎஸ்ஸால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள். மிஞ்சியதால் விஏஎஸ்ஸை வகுத்தால் லிட்டர் கிடைத்துவிடும். க்யூடிஎஸ் 0.5, விஏஎஸ் 50 லிட்டர் என்றால் பெட்டியும் 50 லிட்டர். அதே ஸ்பீக்கரை 15 லிட்டரில் அடைத்தால் க்யூ 1ஐத் தாண்டிவிடும். ஆழமான பேஸ் போய் ‘டொம் டொம்’ மட்டும் மிஞ்சும். தாளே இல்லாத ஸ்பீக்கருக்குப் போர்ட் வைத்த பெட்டி, அதாவது காற்று போய்வர ஒரு குழாய் வைத்த பெட்டி, கட்டாதீர்கள்.

அடுத்தது வெளியளவு, உள்ளளவு. நிறைய பேர் விழுகிற குழி இது. ஓர் உதாரணம் பார்ப்போம். அகலம் 80, உயரம் 40, ஆழம் கீழே 35, மேலே 25 சென்டிமீட்டர். சராசரி ஆழம் 30. பெருக்கினால் 96 லிட்டர். இது வெளியளவு. 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்தது) பலகையில் கட்டினால் எல்லாப் பக்கமும் பலகையின் தடிமன் உள்ளே சாப்பிடும். கழித்துப் போட்டால் மிஞ்சுவது 73 லிட்டர்தான். கிட்டத்தட்ட கால்வாசி மரமாகவே போய்விட்டது! அதிலும் 12 இன்ச் ஸ்பீக்கரின் பின்பக்கம் மூன்று, நான்கு லிட்டர் பிடிக்கும். போர்ட் குழாய் ஒரு இரண்டு, உள்ளே கொடுக்கும் தாங்கு கட்டைகள் ஒரு இரண்டு. கடைசியில் கையில் நிற்பது 65 லிட்டர்.

மூடிய பெட்டியில் இந்தத் தவறு கொஞ்சம் மன்னிக்கும். போர்ட் பெட்டியில் மன்னிக்காது. மேலே சொன்ன பெட்டியில் 10 செ.மீ. விட்டமுள்ள ஒரு குழாயை வைத்து 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய (குழாய்க் காற்று அந்த ஒலியில் அதிரும்படி அமைக்க) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 96 லிட்டர் என்று நம்பிக் கணக்குப் போட்டால் குழாயின் நீளம் 12.7 செ.மீ. வரும். உண்மையான 65 லிட்டருக்கு வேண்டியதோ 22 செ.மீ. அந்தக் குட்டைக் குழாயை மாட்டினால் பெட்டி 43 ஹெர்ட்ஸ் பக்கம் போய் நிற்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே சுருதியில் அதிரும். அதுமட்டுமல்ல, ட்யூன் செய்த அளவுக்குக் கீழே போகும் ஒலிகளுக்கு கோனை, அதாவது ஸ்பீக்கரில் அதிரும் கூம்பை, பிடித்து நிறுத்த உள்ளே காற்று இருக்காது. ஆம்ப்பில் அந்த ஒலிகளைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டரைப் போடாவிட்டால் ஸ்பீக்கர் கிழியலாம். நீளம் குறையட்டுமே என்று குழாயை ஒல்லியாக்குவதும் தவறு. சத்தத்தைக் கூட்டினால் காற்று ‘புஸ் புஸ்’ என்று பீறிடும். குழாயின் உள்முனைக்கும் சுவருக்கும் நடுவே குழாயின் விட்டமளவாவது இடைவெளி விடுங்கள். முதல் பெட்டி என்றால் என் வோட்டு மூடிய பெட்டிக்குத்தான்.

சாய்வுப் பெட்டிக்கு இப்படிக் கணக்கு இருக்கிறது. சக்கர வளைவைச் சுற்றி வளைத்துக் கட்டுகிற பெட்டிக்கு? நான் அப்படி ஒன்று கட்டியபோது பொரியால் அளந்தேன். முன்பலகையை மாட்டுவதற்கு முன் பெட்டியை மல்லாக்கப் போட்டு, ஐந்து லிட்டர் வாளியால் பொரியைக் கொட்டி எண்ணினால் முடிந்தது. ஆயுத பூஜை நேரம் என்பதால் மூட்டை மலிவாகவும் கிடைத்தது. அரிசியும் மணலும் கனம் தாங்காது, தெர்மோகோல் உருண்டை வீடு முழுக்க ஒட்டிக்கொண்டு திரியும். பொரியை ஒரு பருக்கை விடாமல் துடைத்து எடுங்கள். இல்லையென்றால் சப்வூஃபருக்குள் எலி குடியிருக்கும்.

வெட்டுவதில் வருகிற தவறுகள் வேறு மாதிரி. மேலே சொன்ன பெட்டியின் உயரம் 40 என்பதால் சாய்வுப் பலகையையும் 40 என்றே வெட்டிவிடுவோம். சாய்ந்து நிற்கிற பலகைக்கு 41.2 செ.மீ. வேண்டும். மேல், கீழ்ப் பலகைகளின் பின்விளிம்பையும் அந்தச் சாய்வுக்கே, இங்கே 14 டிகிரிக்கு, சீவ வேண்டும். கையில் பிடிக்கிற வட்ட ரம்ப மெஷினில் எழுதியிருக்கும் டிகிரியை நம்பாமல் வேண்டாத துண்டில் ஒருமுறை வெட்டிப் பாருங்கள். விளிம்பை நேராகவே விட்டுவிட்டு, முக்கோண இடைவெளியில் எம்-சீலைத் திணிப்பவர்கள் உண்டு. அதிர அதிர அது ஒருநாள் விடும். நேர் வெட்டுகளைப் பிளைவுட் கடையிலேயே பேனல் ரம்பத்தில் போட்டுக்கொள்வது நல்லது. ஜிக்சாவில் நீள வெட்டு நேராக வராது.

எம்டிஎஃப் பலகையின் முகம் கெட்டி, விளிம்பு சொத்தை. துளையிடாமல் ஸ்க்ரூவை முறுக்கினால் விளிம்பு பிளந்துகொள்ளும். 4 மி.மீ. ஸ்க்ரூ என்றால் முதலில் 3 மி.மீ. துளை, மூலையிலிருந்து இரண்டு இன்ச் தள்ளி. உண்மையில் பெட்டியைப் பிடித்து நிறுத்துவது ஃபெவிகால்தான், ஸ்க்ரூ அது காயும்வரை காவல். பசையில் கஞ்சத்தனம் வேண்டாம், பிதுங்கி வழியட்டும். தண்ணீர் பட்டால் எம்டிஎஃப் ஊதிவிடும் என்பதால் வெளிவிளிம்புகளுக்கும் அடிப்பலகைக்கும் சீலர் பூசுங்கள். மழைக்காலத்தில் டிக்கி கசிகிற வண்டி என்றால் பிளைவுட்டே மேல். ஆனால் மலிவு பிளைவுட்டின் நடு அடுக்கில் ஓட்டைகள் இருக்கும், அவை கிர்ரென்று அதிரும். அப்புறம், எம்டிஎஃப் தூசி சும்மா மரத்தூள் இல்லை. அதில் ஃபார்மால்டிஹைடு பிசின் இருக்கிறது. கைக்குட்டை போதாது, என்95 முகமூடி போடுங்கள்.

ஸ்பீக்கருக்கு வட்டம் வெட்டும்போது வெளிவிட்டத்தைப் பார்த்து வெட்டாதீர்கள். தாளில் ‘கட்-அவுட்’ என்று தனியாக ஓர் அளவு இருக்கும். சாய்வுப் பெட்டியில் மேலே போகப் போக ஆழம் குறைவதையும் மறக்கக் கூடாது. ஸ்பீக்கரை மேலே தள்ளி மாட்டினால் காந்தம் பின்சுவரில் இடிக்கும். இடிக்காவிட்டாலும் காந்தத்தின் நடுவே காற்றுத்துளை இருக்குமே, அதற்குப் பின்னால் இரண்டு விரல் இடமாவது வேண்டும்.

உள்மூட்டுகளுக்கு சிலிக்கான் பூசியதும் ஆசையில் ஸ்பீக்கரை மாட்டிவிடுவது இன்னொன்று. வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் காயும்போது அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் அது ஸ்பீக்கரின் ஒட்டுகளையும் ஓரத்தையும் பதம் பார்க்கலாம். வாடை முழுக்கப் போகும்வரை, ஒருநாளுக்குக் குறையாமல், திறந்தே வையுங்கள்.

மூடிய பெட்டியில் ஒழுகல் பார்க்க, கோனை இரண்டு உள்ளங்கையாலும் சமமாக மெல்ல அழுத்திவிட்டு விடுங்கள். மெதுவாகத் திரும்பினால் சரி. வெடுக்கென்று திரும்பினால் எங்கோ காற்று போகிறது. இடத்தைக் கண்டுபிடிக்க ஊதுவத்தி போதும். 30 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு மூட்டுகளின் ஓரமாகக் கொண்டுபோனால், ஓட்டை உள்ள இடத்தில் புகை துடிக்கும். பெரும்பாலும் மூட்டில் இருக்காது, ஒயர் உள்ளே போகிற துளையில் இருக்கும். கார்ப்பெட் ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

என் முதல் பெட்டி டிக்கியில் அச்சடித்தது போல உட்கார்ந்தது. ஒரு விரல் நுழையாது. மூன்றாவது வாரம் இரவில் டயர் பஞ்சர். ஸ்டெப்னி டிக்கியின் தரைக்குக் கீழே, தரைக்கு மேலே இருபது கிலோவுக்கு மேல் இருக்கிற பெட்டி, அதன் ஒயர்கள் உள்ளே சால்டர் வைத்து ஒட்டியவை. அன்றைக்கு அறுத்துத்தான் எடுத்தேன். இப்போதெல்லாம் பக்கத்துக்கு இரண்டு விரல் இடம் விடுகிறேன். கழற்றி மாட்டுகிற கனெக்டர் வைக்கிறேன். சடன் பிரேக்கில் முன்னால் பாயாமல் இருக்கத் தரைக் கொக்கிகளோடு பெல்ட் போட்டுக் கட்டுகிறேன். பலகை வெட்டுவதற்கு முன்னால், அட்டையில் செய்த பெட்டியை டிக்கி வாய் வழியாக ஒருமுறை உள்ளே விட்டு வெளியே எடுத்தும் பார்த்துவிடுகிறேன்.