பாழடைந்த கான்கிரீட் கட்டடத்தைப் படிப்பது எப்படி: கார்ட்ராஸ் குருமடம்

ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்கு வடமேற்கே கார்ட்ராஸ் என்ற ஊரில், மரங்களுக்கு நடுவே, கத்தோலிக்க குருக்களாகப் போகிறவர்கள் தங்கிப் படித்த புனித பேதுரு குருமடம் பாழடைந்து நிற்கிறது. இணையத்தில் தேடினால் கிறுக்கிய சுவர், தேங்கிய மழைநீர் என்று படங்கள் வந்து குவியும். தயவுசெய்து அவற்றை முதலில் பார்க்காதீர்கள். இடிபாட்டின் அழகில் மனசு மயங்கிவிட்டால், இது யாருக்காக எழுந்தது என்ற கேள்வியே வராமல் போய்விடும்.

கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டினால் உள்ளே எப்படித் தெரியும் என்று காட்டும் குறுக்குவெட்டு வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். இதை வடிவமைத்தவர்கள் கில்லெஸ்பி, கிட் அண்ட் கோயா நிறுவனத்தின் இஸி மெட்ஸ்டைன், ஆண்டி மக்மில்லன். அந்த நிறுவனத்தின் ஆவணங்கள் கிளாஸ்கோ கலைப் பள்ளியில் இருக்கின்றன. வரைபடத்துக்குள் ஒரு மாணவரின் காலைப்பொழுதை நடந்து பாருங்கள். அறைக் கதவைத் திறந்து நடைக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தால் சிற்றாலயமும் உணவுக்கூடமும், எதிர்ப்பக்கம் படிப்படியாக அடுக்கிய சக மாணவர்களின் அறைகள். தூக்கம், செபம், சாப்பாடு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. வகுப்புகளுக்கும் நூலகத்துக்கும் மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் தனிக் கட்டடம்.

அப்புறம் பிரான்ஸில் லியோன் அருகே கட்டடக் கலைஞர் ல கொர்புசியே கட்டிய லா தூரெத் மடத்தின் வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள். அங்கேயும் மேலே அறைகள், கீழே பொது இடங்கள்தான். ஆனால் கோயில் தனிப் பெட்டியாக நிற்கும். கார்ட்ராஸில் அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய துணிச்சலாகத் தெரிகிறது.

அடுத்து ஒரு தாளில் ஆண்டுகளை எழுதுங்கள். 1961இல் வேலை தொடங்கி 1966இல் முடிந்தது. கத்தோலிக்கத் திருச்சபையைப் புதுப்பிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்ததோ 1962 முதல் 1965 வரை. குருக்களாகப் போகிறவர்கள் மக்கள் நடுவே வாழ்ந்து பயிற்சி பெற வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டபோது, ஏறக்குறைய நூறு பேருக்கான தனித்த மடம் இங்கே எழுந்துகொண்டிருந்தது. அது ஒருநாளும் நிரம்பவில்லை, 1980இல் மூடினார்கள். கான்கிரீட்தான் காரணம் என்று சொல்பவர்களிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

சரி, கூரை ஒழுகவில்லையா? ஒழுகியது, ஆரம்பத்திலிருந்தே. அதனால் மூடுவதற்கு முந்தைய படங்களைத் தேடி இப்போதைய படங்களோடு ஒப்பிடுங்கள். கண்ணாடி போனது, மரவேலை எரிந்தது, கூரையின் வளைந்த மரச் சட்டங்கள் விலா எலும்பு மாதிரி வெளியே தெரிவது எல்லாம் கைவிட்ட பிறகு நடந்தவை. அதை வடிவமைப்பின் குறையாகக் கணக்கெழுதுவது நியாயமில்லை.

வான்படத்தில் ஒன்றைக் கவனியுங்கள், பலரும் இங்கே ஏமாறுகிறார்கள். நடுவில் காலியாகத் தெரியும் இடம் முற்றம் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கில்மஹியூ மாளிகை, ஆசிரியர்கள் தங்கிய வீடு, அங்கேதான் இருந்தது. புதிய கட்டடங்கள் அதைச் சூழ்ந்துதான் எழுந்தன. 1995இல் மாளிகை தீப்பிடித்தது, பிறகு அதை இடித்துவிட்டார்கள்.

நேரில் போனால் வேலிக்கு வெளியே நில்லுங்கள். இது 1992 முதல் ஸ்காட்லாந்தின் மிக உயர்ந்த பாரம்பரியப் பிரிவான ஏ பிரிவில் காக்கப்படும் கட்டடம். 2020இல் ஓர் அறக்கட்டளையின் கைக்கு மாறியது. உள்ளே தரையும் கூரையும் நம்பத் தகுந்தவை அல்ல. இலை உதிர்ந்த குளிர்காலத்தில் போங்கள், வெளியே நின்றே மரங்களுக்கு ஊடாகப் பார்க்கலாம்.