ஸ்டீல்ஹெட் மீனுக்கு லீடர் கட்டுவது எப்படி: மூன்று துண்டு தங்கூசி போதும்

வெள்ளவத்தையில் கனடாவில் சொந்தம் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படிக்கவோ சொந்தங்களைப் பார்க்கவோ அங்கே போகிற பிள்ளைகளில் தூண்டில் ஆசை உள்ளவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: ஸ்டீல்ஹெட் பிடிக்க என்ன கொண்டு போகலாம்? தடியும் ரீலும் அங்கே வாங்கலாம், இரவலும் கிடைக்கும். லீடர் கட்டக் கையைப் பழக்கிக்கொண்டு போங்கள் என்பேன். அது கொழும்பில் சாப்பாட்டு மேசையிலேயே பழகக்கூடிய வேலை.

மீனைப் பற்றி முதலில் கொஞ்சம். வெள்ளைக்காரர் காலத்தில் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரௌட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கு ஏறி வருவதைத்தான் ஸ்டீல்ஹெட் என்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்கீனா ஆறும் அதன் கிளைகளான பல்க்லி, பபீன், கிஸ்பியொக்ஸும் இதற்குப் பேர்போனவை. ரொறன்ரோப் பக்கம் போகிறவர்களுக்குக் கடல் இல்லை, ஆனால் ஒன்ராறியோ ஏரியைக் கடலாக எடுத்துக்கொண்டு வளர்ந்த மீன்கள் போர்ட் ஹோப் ஊடாக ஓடும் கனரஸ்கா ஆற்றில் ஏறுகின்றன. நாலைந்து கிலோ மீன் சாதாரணம். ஸ்கீனாவில் 9 கிலோவைத் தாண்டியதும் வரும்.

லீடர் என்பது தடித்த ஃப்ளை லைனுக்கும், ஃப்ளை எனப்படும் பூச்சிபோலக் கட்டிய தூண்டில் முள்ளுக்கும் நடுவில் வருகிற தங்கூசி, அதாவது நைலோன் தூண்டில் நூல். ஃப்ளை மீன்பிடிப்பில் ஈயக்குண்டின் பாரத்தால் வீசுவதில்லை, லைனின் பாரமே ஃப்ளையைக் கொண்டுபோகிறது. அந்த வேகம் நுனிவரை போய்ச் சேர வேண்டுமானால், சாட்டை போலப் பிடிப்பக்கம் தடிப்பாகவும் நுனிப்பக்கம் மெல்லிதாகவும் இருக்க வேண்டும். ஒரே மெல்லிய நூலை லைனில் கட்டி வீசினால் அது லைன் நுனியிலேயே சுருண்டு விழும்.

இணையத்தில் தேடினால் ஏழு எட்டுத் துண்டுகள் கொண்ட லீடர் கணக்கெல்லாம் வரும். அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அமைதியான நீரில் சின்னஞ்சிறு பூச்சியைச் சத்தமில்லாமல் இறக்குகிறவர்களுக்கு அந்த நுணுக்கம் தேவைப்படும். ஸ்டீல்ஹெட்டுக்குப் பெரிய ஃப்ளை, வேகமான நீர். நூலின் தடிப்பைப் பார்த்து விலகுவதில் இது கூச்சம் குறைந்த மீன். முடிச்சு நிற்கிறதா, நூல் பாறையில் உரசினால் தாங்குமா என்பவைதான் இங்கே முக்கியம். ஒவ்வொரு முடிச்சும் அறுபடக்கூடிய ஒரு இடம் என்பதால், முடிச்சு குறையக் குறைய நல்லது.

வாங்க வேண்டியவை

மூன்று சுருள் நைலோன் தங்கூசி வேண்டும்: 0.50, 0.40, 0.30 மில்லிமீற்றர். பெரும்பாலான தயாரிப்புகளில் 0.50 சுமார் 25 இறாத்தல் தாங்கும், 0.40 சுமார் 17, 0.30 சுமார் 10 முதல் 12 வரை. இறாத்தல் கணக்கு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், ஆகவே தடிப்பைப் பார்த்தே வாங்குங்கள். அடுத்தடுத்த துண்டுகளுக்கு இடையே 0.10 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முடிச்சு சரியாக உட்காராது, பலமும் குறையும். 50, 40, 30 என்று இறங்குவது அதனால்தான், நினைவில் வைக்கவும் லேசு.

பழகுவதற்குப் புறக்கோட்டையில் மீன்பிடிப் பொருள் விற்கிற கடைத் தங்கூசியே போதும். தடிப்பு எழுதாத சுருளை மட்டும் வாங்காதீர்கள். நம் நாட்டில் தங்கூசி வலைக்குத்தான் தடை, தூண்டில் நூலுக்கு இல்லை. ஆற்றில் பாவிக்கப்போவதற்கு நல்ல விறைப்பான நைலோனாக வாங்குங்கள். ஃப்ளூரோகார்பன் நூல் நீரில் அமிழும், உரசலையும் தாங்கும், ஆனால் அதில் முடிச்சு இறுகுவது கடினம். தொடக்கத்தில் நைலோனே என் தெரிவு. இதோடு ஒரு நகவெட்டியும் அளவு நாடாவும் எடுத்து வையுங்கள்.

வெட்டுவதும் கட்டுவதும்

ஒன்பது அடி லீடர் கட்டுவோம். ஐந்தில் மூன்று பங்கு தடித்த நூல், மிச்சம் இரண்டு பங்கையும் மற்ற இரண்டும் சமமாகப் பிரித்துக்கொள்ளும். அதாவது 165, 55, 55 சென்ரிமீற்றர். முடிச்சுகள் நூலை விழுங்கும், எனவே கூட்டி வெட்டுங்கள்: 0.50 நூலில் 190, 0.40 நூலில் 80, 0.30 நூலில் 90. கடைசித் துண்டுக்கு டிப்பெட் என்று பெயர். ஃப்ளை மாற்றும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் குறையும், ஆகவே அதற்குச் சற்றுத் தாராளமாகவே வெட்டலாம்.

முதல் வேலை, தடித்த துண்டின் ஒரு முனையில் கண்ணி போடுவது. முனையை ஒரு விரல் நீளத்துக்கு மேல் மடித்து இரட்டையாகப் பிடியுங்கள். இரட்டை நூலால் சாதாரண முடிச்சு ஒன்று போட்டு, இறுக்காமல், மடிந்த தலையை அதே வளையத்துக்குள் இன்னொரு தடவை விடுங்கள். நனைத்து இறுக்கினால் இரட்டைச் சர்ஜன் கண்ணி ரெடி. இப்போது வருகிற ஃப்ளை லைன்களில் பெரும்பாலானவற்றின் நுனியில் ஏற்கெனவே ஒரு கண்ணி இருக்கும். லீடர் கண்ணியை லைன் கண்ணியின் மேலாகப் போட்டு, லீடரின் மறுமுனையை லைன் கண்ணிக்குள் விட்டு முழுதாக இழுங்கள். இரண்டு கண்ணியும் ஒன்றையொன்று கோர்த்துத் தட்டையாக உட்கார வேண்டும். ஒன்று மற்றதன் கழுத்தை நெரித்தபடி இருந்தால் தளர்த்திச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது துண்டுகளை இணைக்கிற பிளட் முடிச்சு. இதற்குத்தான் நேரம் செலவழிக்க வேண்டும். இரண்டு நூலின் நுனிகளையும் எதிரெதிராக வைத்து, ஒரு சாண் அளவு ஒன்றின்மேல் ஒன்று படியப் பிடியுங்கள். படிந்த இடத்தின் நடுவை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு, ஒரு நுனியை மற்ற நூலின்மேல் வெளிப்பக்கமாகச் சுற்றுங்கள். தடித்த நூலுக்கு 4 சுற்று, மெல்லியதற்கு 5. சுற்றிய நுனியைத் திருப்பிக் கொண்டுவந்து, நடுவில் இரண்டு நூலும் பிரிகிற இடைவெளிக்குள் விடுங்கள். அப்புறம் கையை மாற்றிப் பிடித்து, மற்ற நுனியையும் தன் பக்கத்தில் அதேபோலச் சுற்றி, அதே இடைவெளிக்குள் எதிர்த்திசையிலிருந்து விடுங்கள். ஒரு நுனி மேலே பார்த்தால் மற்றது கீழே பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் வந்தால் முடிச்சு நிற்காது, அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

இறுக்குவதற்கு முன் எச்சிலால் நன்றாக நனையுங்கள். காய்ந்த நைலோன் உரசிச் சூடாகி அந்த இடத்திலேயே பலமிழந்துவிடும். இரண்டு பக்கத்தையும் பிடித்துச் சீராக, வெடுக்கென்று இல்லாமல் இழுங்கள். சுற்றுகள் இரண்டு பக்கமும் வரிசையாக, நெருக்கமாக நடுவை நோக்கி வந்து உட்காரும். ஒரு சுற்று மற்றதன்மேல் ஏறியிருந்தால் அது நல்ல முடிச்சு இல்லை. சரியாக உட்கார்ந்தபின் நுனிகளை ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள்.

கடைசியாக ஃப்ளை. நீரோட்டத்தில் அது உயிருள்ளதுபோல அசைய வேண்டும் என்பதால், முள்ளின் கண்ணோடு இறுக்காமல் சின்ன வளையம் விட்டுக் கட்டுவது நல்லது. டிப்பெட் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளித் தளர்வான சாதாரண முடிச்சு ஒன்று போடுங்கள். நுனியை முள்ளின் கண்ணில் கோர்த்து, அந்த முடிச்சிலிருந்து வெளியே வந்த அதே பக்கத்தால் திரும்ப உள்ளே விடுங்கள். தாய்நூலை, அதாவது லீடர் பக்கம் போகிற நூலை, சுற்றி 5 சுற்று. மறுபடி அதே பக்கத்தால் முடிச்சுக்குள் விட்டு, நனைத்து இறுக்குங்கள்.

கட்டியதைச் சோதிக்காமல் விடாதீர்கள். கண்ணியைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, மறுமுனையைத் துணி சுற்றிய கையால் அறும்வரை இழுங்கள், வெறுங்கையை நூல் வெட்டும். எங்கே அறுகிறது என்று பாருங்கள். டிப்பெட்டில் அறுந்தால் எல்லாம் சரி. தடித்த துண்டுகளின் இணைப்பில் அறுந்தால் அந்த முடிச்சை இன்னும் பழக வேண்டும்.

நீரில் அமிழும் லைனுக்கு

மேலே சொன்னது மிதக்கும் லைனுக்கு. குளிர்காலத்தில் ஃப்ளையை ஆழத்துக்கு இறக்க, நுனி அமிழ்கிற லைனைப் பாவிப்பார்கள். அதற்கு இந்த ஒன்பது அடி லீடர் ஒத்துவராது. லைன் கீழே போனாலும் நீண்ட லீடரில் ஃப்ளை மேலேயே நின்றுவிடும். 0.33 முதல் 0.38 மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள ஒரே நூலில், மூன்று நான்கு அடி, ஒரு முனையில் கண்ணி, மறுமுனையில் ஃப்ளை. அவ்வளவுதான் லீடர். நடுவில் ஒரு முடிச்சும் இல்லை.

இரண்டு வகை லீடரிலும் நூலை மேலே சொன்ன அளவைவிட மெலிதாக்க ஆசைப்படாதீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட்டைப் பிடித்தால் திரும்ப விட்டுவிட வேண்டும், முள்ளிலும் எதிர்முள் (மீன் நழுவாமல் பிடிக்கிற பின்னோக்கிய கூர்) இருக்கக் கூடாது என்பது சட்டம். மெல்லிய நூலில் மீனை நெடுநேரம் இழுத்துக் களைக்கவைத்தால், விட்டபின் அது பிழைப்பது சந்தேகம். பலமான நூலில் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்து, தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி விடலாம்.

வீசிப் பார்க்க காலிமுகத்திடல் போதும். பட்டம் விடுகிறவர்களும் குழந்தைகளும் வருமுன், விடிகாலையில் போங்கள். முள்ளுக்குப் பதிலாகக் கம்பளி நூல் துண்டொன்றைக் கட்டுங்கள், புல்வெளியில் முள் வேண்டவே வேண்டாம். தென்மேற்குப் பருவக் காற்று அடிக்கிற நாளில், காற்றுக்கு எதிரே வீசும்போது லீடர் நேராக விரிந்தால் கட்டியது சரி. நுனி சுருண்டு விழுந்தால் முதலில் டிப்பெட்டைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

ஆற்றில் நிற்கும்போது டிப்பெட்டை அடிக்கடி விரல்களுக்கிடையே உருவிப் பாருங்கள். சொரசொரப்போ காற்றில் தானாக விழுந்த சின்ன முடிச்சோ தட்டுப்பட்டால் அந்த இடத்துக்கு மேலே வெட்டி, ஃப்ளையைத் திரும்பக் கட்டுங்கள். டிப்பெட் ஒன்றரை அடிக்குக் குறைந்துவிட்டால் புதுத் துண்டு இணையுங்கள். குளிரில் விரல் விறைத்தபின் பிளட் முடிச்சு போடுவது பெரும்பாடு. அப்போது இரண்டு நூலையும் சேர்த்துப் பிடித்து, கண்ணிக்குச் செய்த அதே இரட்டை முடிச்சைப் போட்டால் வேலை முடிந்தது.

கட்டிய லீடர்களை உள்ளங்கை அகலத்துக்குச் சுருட்டி, தனித்தனிப் பையில் போட்டு, நீளத்தையும் டிப்பெட் தடிப்பையும் எழுதி வையுங்கள். வெயில் படுகிற ஜன்னலோரத்திலும் காருக்குள்ளும் விடாதீர்கள், நைலோன் கெட்டுவிடும். ஒன்பது அடி லீடர் நாலும் குட்டை லீடர் நாலும் கட்டி எடுத்துக்கொண்டு, கூடவே 0.30 சுருளையும் கொண்டு போனால், ஒரு வாரப் பயணத்துக்குத் தாராளம்.