தென்னை வாடுனா எல்லாத்துக்கும் உப்புத்தண்ணி காரணமில்ல

உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம்னு நம்ம ராமநாதபுரம் கரையோரத்துல வீட்டுக்குப் பின்னாடி நிக்கிற தென்னை கொஞ்சம் வாடுனா போதும், உப்புத்தண்ணிதான்னு முடிவு பண்ணிடுவாங்க. தென்னை ஓரளவு உப்ப தாங்குற மரங்க. வாடைக்காத்து நேரத்துல கடல பாத்த பக்கத்து ஓலை மட்டும் கருகுதா, அது உப்புக்காத்து, புது ஓலை பச்சையா வந்தா விட்டுடுங்க. மத்ததுக்கு மரத்துல எந்த எடத்துல கோளாறுன்னு பாக்கணும்.

அடிமட்டை நுனியில இருந்து மஞ்சளாகி ஓரம் காயுதா, பெரும்பாலும் பொட்டாஷ் பத்தல. நம்ம மணல்ல உரம் எங்க நிக்குது, ஒரு மழைக்கே கீழ எறங்கிடும். காய்க்கிற மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, ரெண்டு தவணையா பிரிச்சு தூர விட்டு தள்ளி வட்டமா போட்டு மண்ண கொத்தி தண்ணி விடுங்க, கூட 50 கிலோ தொழுவுரம்.

விரிஞ்ச ஓலை கத்திரியில வெட்டுன மாதிரி முக்கோணமா இருந்தா காண்டாமிருக வண்டு. குருத்துல ஓட்டை இருக்கும், கொக்கி கம்பிய விட்டு வண்ட இழுத்துட்டு, ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுக்கு ரெண்டு பங்கு மணல் கலந்து மேல் மூணு மட்டை இடுக்குல மரத்துக்கு 150 கிராம் வைங்க. ஆனா புழு வளர்றது குப்பைக்குழியில, மட்குன கட்டையில. அத கெளறி புழுவ பொறுக்காம மரத்துக்கு மட்டும் மருந்து வச்சா வண்டு வந்துகிட்டேதான் இருக்கும்.

ஐப்பசி கார்த்திகை மழையில நடுக்குருத்து வாடி, இழுத்தா கையோட வந்து நாறுனா குருத்தழுகல், இத தள்ளிப்போடாதீங்க, தென்னைக்கு இருக்கறது ஒரே குருத்து, அது போனா மரம் போச்சு. அழுகுனத சுத்தமா செதுக்கிட்டு போர்டோ பசை தடவுங்க (மயில்துத்தம் 100 கிராம் அரை லிட்டர்ல, சுண்ணாம்பு 100 கிராம் அரை லிட்டர்ல கரைச்சு ஒண்ணா கலக்கணும், இரும்பு பாத்திரம் ஆகாது), அப்புறம் புதுக்குருத்து வர்ற வரைக்கும் மழைத்தண்ணி எறங்காம பாலித்தீன் தாள கட்டி வைங்க.

தண்டுல ஓட்டை, பழுப்பு சாறு, மென்னு துப்புன நார் தெரிஞ்சா செவப்பு கூன்வண்டு. காத வச்சா உள்ள கரகரன்னு கேக்கும். இது காயத்து வழியாதான் நுழையும், அதனால ஏற்றதுக்கு படி வெட்டாதீங்க, பச்சை மட்டைய வெட்டித்தான் ஆகணும்னா தண்டுலேர்ந்து நாலடி விட்டு வெட்டுங்க. கொண்டையே சாஞ்சிட்டா மரத்த அறுத்து எரிச்சுடறதுதான் பக்கத்து மரத்துக்கு நல்லது.

காய்ல தொப்பிக்கு கீழ பழுப்பா சொறி இருந்தா ஈரியோபைட் சிலந்தி (கண்ணுக்கே தெரியாத பொடிப்பூச்சி), காய் சிறுத்துப்போகும், உள்ள பருப்பு திங்கலாம். ஓலைக்கு அடியில வெள்ளையா சுருள் சுருளா இருந்தா சுருள் வெள்ளை ஈ, 2016ல பொள்ளாச்சி பக்கம் வந்தது, இப்ப எல்லா ஊர்லயும் இருக்கு. வெஷ மருந்து அடிச்சா அத தின்ற நல்ல பூச்சியும் சேந்து சாகும். தண்ணிய வேகமா பீச்சி அடிங்க, ஓலை மேல கறுப்பு பூஞ்சை படிஞ்சிருந்தா லிட்டருக்கு 25 கிராம் மைதாவ கஞ்சியா காச்சி ஆறவச்சு தெளிங்க, காஞ்சதும் உரிஞ்சு விழுந்துரும்.